கொடுக்கப் போன வீட்டில் முதல் நாற்காலி

வெளிநாட்டு மறைப்பணிப் பயணத்துக்குக் கிளம்புகிறவரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் கொடுப்பதற்கான சாமான்தான் இருக்கும். பேனா, பென்சில், வேளாங்கண்ணி மாதா படம், கட்டுக்கட்டாகப் பிளாஸ்டிக் ஜெபமாலை, குழந்தைகளுக்கு மிட்டாய். தனக்கென்று நாலு சட்டையும் ஒரு கொசுவலையும். நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு 72 பேரை இருவர் இருவராக அனுப்பிவைக்கும் இடத்தைப் படித்தால், இந்தப் பெட்டி அப்படியே தலைகீழ். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடிகூட வேண்டாம் என்கிறார். நுழைகிற வீட்டில் முதலில் சமாதானம் சொல்ல வேண்டும். அங்கேயே தங்க வேண்டும். வைத்ததைச் சாப்பிட வேண்டும். இதைவிட வசதியான வீடு கிடைக்குமா என்று வீடு மாறக் கூடாது. நோயாளிகளைக் குணமாக்குங்கள், இறையாட்சி நெருங்கிவிட்டதென்று சொல்லுங்கள் என்பதெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வருகிறது.

ஆக, மறைப்பணியாளருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம், அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது எப்படி என்பது. இன்றைக்குப் பயணம் போகிற குழுக்களுக்கு நடக்கும் தயாரிப்புக் கூட்டங்களில் தடுப்பூசி, விசா, செபக் கூட்டம், வகுப்பு எடுப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். இதை மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. விருந்து சாப்பிடத் தெரியாதவர் உண்டா என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. உண்டு. கொடுப்பதற்கென்றே கிளம்பியவருக்கு வாங்கிக்கொள்ள வராது.

பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது. ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம்: உகாண்டாவின் புகாண்டா பகுதி. விக்டோரியா ஏரியின் வடகரையும் மேற்குக் கரையும் சேர்ந்தது. கம்பாலா, என்டெபே, மசாகா எல்லாம் இதற்குள் வரும். 2014 மக்கள்தொகைக் கணக்கின்படி உகாண்டாவில் சுமார் 39 சதவீதம் பேர் கத்தோலிக்கர். வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வரும் குழுக்கள் பங்குத்தந்தை இல்லத்திலோ சகோதரிகளின் மடத்திலோ தங்கி, பள்ளிக்கூடத்திலோ மருந்தகத்திலோ வேலை செய்து, கிளைப்பங்குகளுக்குப் போய் வீடு சந்திப்பார்கள். இந்த வீடு சந்திப்புதான் நம் விஷயம்.

முதலில் ஒரு பழைய கதை. 1879 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு நாட்டு குரு சிமியோன் லூர்தேலும் சகோதரர் அமான்ஸும் படகில் ஏரியைக் கடந்து, என்டெபே அருகே கிகுங்குவில் இறங்கினார்கள். கர்தினால் லாவிஜெரி 1868இல் அல்ஜியர்ஸில் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். வெள்ளை அங்கியைப் பார்த்து ‘வெள்ளைக் குருக்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. போகிற ஊரின் மொழியைப் பேச வேண்டும், அவர்கள் உண்பதை உண்ண வேண்டும், அவர்கள் உடுத்துவதை உடுத்த வேண்டும் என்பது லாவிஜெரி வைத்த சட்டம். வந்த இருவரும் நேராகப் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. கபாகா என்று அழைக்கப்படும் அரசர் முதலாம் முடேசாவின் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். மற்ற குருக்களை ஏரியின் தென்கரையிலிருந்து கூட்டிவர அரசரே படகுகளை அனுப்பினார். குடியிருக்க நிலமும் கொடுத்தார். லூர்தேலை ‘மோன் பேர்’ என்று மற்றவர்கள் பிரெஞ்சில் கூப்பிடுவதைக் கேட்டு, ஊர் ஜனம் அவரை ‘மபேரா’ ஆக்கிவிட்டது. இன்றும் அந்தப் பெயர்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் கத்தோலிக்கத்தின் முதல் நாளே விருந்தோம்பலில்தான் தொடங்கியது. கொடுத்தது ஊர், வாங்கிக்கொண்டவர்கள் மறைப்பணியாளர்கள். நான்கு வருஷம் ஆவதற்குள், 1882 இறுதியில், அரசவைச் சூழல் கெட்டுப்போக, குருக்கள் ஏரிக்குத் தெற்கே போய்விட்டார்கள். 1885இல் திரும்பி வந்து பார்த்தால், திருமுழுக்குப் பெற்றிருந்த கொஞ்சப் பேர் தாங்களாகவே கூடி செபித்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அரசர் முவாங்காவின் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் இவர்களிலிருந்துதான் வந்தார்கள். பெரும்பாலும் அரண்மனை ஏவலர்களும் இளைஞர்களுமான 22 கத்தோலிக்கர், கூடவே ஆங்கிலிக்கன் இளைஞர்கள். 1913இல் முதல் உகாண்டா குருக்கள். 1939 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஜோசப் கிவானுகாவை ரோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தினார். நவீன காலத்தில் சகாராவுக்குத் தெற்கே முதல் ஆப்பிரிக்க ஆயர்களில் ஒருவர் அவர். மசாகா அவர் பொறுப்பில் வந்தது. ஆக, நீங்கள் போகும் இடத்தில் திருச்சபை கட்ட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்குச் சோறு போடப்போவதே அதுதான்.

இனி வீட்டுக்குள் போகலாம். உங்களை அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் உபதேசியார். நம் தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் இருந்த உபதேசியாருக்கு இருந்த மரியாதையும் வேலைப்பளுவும் அங்கே இன்னும் இருக்கிறது. ஒரு பங்குக்குள் பல கிளைப்பங்குகள். குருவானவர் எல்லா ஞாயிறும் எல்லா இடத்துக்கும் வர முடியாது. செபம் நடத்துவது, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, நோயாளி வீட்டுக்குப் போவது, அடக்கத்துக்கு முன்னால் நிற்பது எல்லாம் அவர்தான். எந்த வீட்டுக்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டும், எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்ன வீட்டுக்குப் போங்கள். நீங்களாக ஒரு குடிசையைக் காட்டி, ‘அங்கே போகலாமா’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்த வீட்டுக்காரர் முன்னேற்பாடு இல்லாமல் ஒரு விருந்தாளியைச் சமாளிக்க வேண்டிவரும்.

நீங்கள் தூரத்தில் தெரியும்போதே பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வரும். பிள்ளைகள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அதில் நல்ல நாற்காலி உங்களுக்கு. எழுந்து அதை வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்து, நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அடம்பிடிக்காதீர்கள். நம்மூரில் விருந்தாளி வந்து, போட்ட நாற்காலியை விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகும்? அதே முகம்தான். எளிமையைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் ஒருவித பெருமைதான் என்று எனக்குத் தோன்றும். பெண்கள் ‘ஓமுகேக்கா’ என்ற பின்னிய ஓலைப்பாயில் காலை ஒருபக்கமாக மடித்து உட்காருவார்கள். குழுவில் வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு பாயில் உட்கார்ந்தால் மட்டும் யாரும் தடுக்க மாட்டார்கள், மகிழ்ந்துபோவார்கள்.

அடுத்தது பலரைத் தடுமாற வைப்பது. வீட்டுப் பெண், சில சமயம் உங்கள் அம்மா வயதுக்காரர், உங்கள் முன்னால் முழந்தாளிட்டு வணக்கம் சொல்வார். பதறிப்போய் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது பகாண்டா எனப்படும் புகாண்டா மக்களின் பழைய மரியாதை முறை. விருந்தாளிக்கும் மூத்தவர்களுக்கும் உரியது. உங்கள் நாட்டுக்கோ தோல் நிறத்துக்கோ அல்ல. அந்த முறை சரியா தவறா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு நடக்கிறது; படித்த பெண்கள் பலர் அதைக் கேள்வி கேட்கிறார்கள். அந்த வாக்குவாதத்தில் இரண்டு வாரத்துக்கு வந்தவர் நுழைய வேண்டாம். கொஞ்சம் குனிந்து, வணக்கத்துக்குப் பதில் வணக்கத்தைச் சரியாகச் சொன்னால் போதும்.

அவர்கள் பேசும் லுகாண்டா மொழியில் அந்த வணக்கம் ஒரே சொல்லில் முடியாது. காலையில் ‘வசூஸே ஒடியா’: இராத்திரி எப்படிக் கழிந்தது? பகல் கழிந்தபின் ‘ஒசீபியே ஒடியா’. ஆணானால் ‘ஸ்ஸெபோ’, பெண்ணானால் ‘ஞாபோ’ என்று மரியாதைச் சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஜெபாலே கோ’. செய்துகொண்டிருந்த வேலைக்கு நன்றி என்பது அதன் பொருள். வயலில் களை எடுப்பவரைப் பார்த்தாலும், துணி துவைப்பவரைப் பார்த்தாலும், வழியில் சும்மா நடந்து வருகிறவரைப் பார்த்தாலும் இதுதான் வணக்கம். அவர் உங்களுக்காக ஒன்றும் செய்யவில்லை, இருந்தாலும் நன்றி. நாம் பார்த்ததும் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறோம், அவர்கள் பார்த்ததும் வேலைக்கு நன்றி சொல்கிறார்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறவர் அங்கே மட்டு மரியாதை தெரியாதவர். பட்டியல் வைத்துக்கொண்டு ஒரு காலையில் பத்து வீடு சந்திக்கலாம் என்று திட்டம் போட்டு வரும் குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு வீடு நடந்தால் அது நல்ல காலை.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்தியரை அங்கே ‘முயிண்டி’ என்பார்கள். கடைக்காரர், ஆலை முதலாளி என்ற படம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1972இல் இடி அமீன் ஆசிய வம்சாவளியினரை 90 நாளில் வெளியேறச் சொன்னதும், பிறகு பலர் திரும்பி வந்ததும் ஊர் நினைவில் உண்டு. ஆகவே ‘என்ன வியாபாரம்?’ என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். சப்பாத்தியும் சமோசாவும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. முட்டைப் பொரியலைச் சப்பாத்தியில் சுருட்டிக் கொடுப்பதற்கு ‘ரோலெக்ஸ்’ என்று பெயர். விழாவுக்குப் பெண்கள் உடுத்தும், தோள்பட்டை கூம்பி நிற்கிற ‘கோமெசி’ உடைக்கே கோமஸ் என்ற கோவா தையற்காரரின் பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது. பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாப்பாட்டுக்கு முன்னால் சில வீடுகளில், குறிப்பாக வயதானவர்கள் இருக்கும் வீடுகளில், சின்னக் கூடையில் உலர்ந்த காப்பிப் பழக் கொட்டைகள் வரும். ‘எம்முவாஞி’ என்பார்கள். காப்பி குடிக்க அல்ல, மெல்ல. ரோபஸ்டா காப்பி அந்த ஏரிப்பக்கத்திலேயே இயல்பாக விளையும் செடி. ஐரோப்பியர் காப்பித் தோட்டம் போடுவதற்கு வெகு காலம் முன்பே காயை மூலிகையோடு அவித்து உலர்த்தி விருந்தாளிக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. இரண்டு பேர் இரத்த உறவு ஏற்படுத்திக்கொள்ளும் ‘ஓமுகாகோ’ சடங்கிலும் இதே கொட்டைதான். ஒரு பழத்துக்குள் இரண்டு விதை ஒன்றோடொன்று ஒட்டி இருக்குமல்லவா, ஆளுக்கு ஒன்று. கூடையில் இரண்டு மூன்றை எடுத்து மெல்லுங்கள். கசக்கும். நம் வீட்டு வெற்றிலைத் தட்டின் இடம் அதற்கு.

பிறகு ஒரு பையனோ பெண்ணோ குடமும் தட்டமுமாக வந்து, உங்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 53ஆம் அதிகாரம் முழுக்க விருந்தாளியைப் பற்றியது. வருகிறவரைக் கிறிஸ்துவாகவே நினைத்து வரவேற்க வேண்டும், மடத்துத் தலைவரே விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், விருந்தாளிக்காகத் தன் நோன்பையும் முறிக்கலாம் என்றெல்லாம் வருகிறது. ஐரோப்பிய மடத்துக்கு எழுதிய விதி, அதைப் படித்தே இராத ஒரு குடியானவர் வீட்டு முற்றத்தில் அன்றாடம் நடக்கிறது. கையை நீட்டுங்கள்; சானிடைசர் பாட்டிலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு. லுகாண்டா மொழியில் ‘எம்மெரே’ என்றால் உணவு. ஆனால் பேச்சில் அது பெரும்பாலும் மடோக்கே என்ற வாழைக்காயைத்தான் குறிக்கும். நாம் ‘சாப்பாடு’ என்று சோற்றைச் சொல்வது போல. மற்றதெல்லாம் ‘என்வா’, அதாவது தொட்டுக்கொள்ள, ஊற்றிக்கொள்ள. காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து, பானையின் அடியில் வாழைத் தண்டை அடுக்கி, அதன் மேல் வைத்து மணிக்கணக்கில் ஆவியில் வேகவிட்டு, இலையோடு அமுக்கிப் பிசைவார்கள். மஞ்சளாக, மென்மையாக, ஆவி பறக்க வரும். உப்பே இருக்காது. முதல் கவளத்தில் ‘சப்பென்று இருக்கிறதே’ என்று தோன்றும். கூடவே வேர்க்கடலைக் குழம்பு வரும், இளஞ்சிவப்பு நிறத்தில். இரண்டும் சேர்ந்தால்தான் விஷயம் விளங்கும். அவரை விதை, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் உண்டு. கறி தொடாதவர் பயப்பட வேண்டியதில்லை. ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் தயவுசெய்து அந்த மேசையில் திறக்காதீர்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், இறைச்சியை விட்டுச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். அவர் நம் ஊரில் செய்ததை நாம் இரண்டு வாரம் அவர்கள் ஊரில் செய்யக் கூடாதா?

பெரிய விருந்தென்றால் லுவோம்போ. கோழியையோ கடலைக் குழம்பையோ, தீயில் வாட்டிய இளம் வாழை இலையில் மூட்டையாகக் கட்டி ஆவியில் வேகவைப்பது. முவாங்கா அரசரின் சமையற்காரர் 1880களில் கண்டுபிடித்தது என்று அங்கே சொல்வார்கள். மூட்டை உங்கள் தட்டில் அவிழும்போது வரும் வாசனையை எழுத முடியாது. வாழையிலையில் சுடுசோறு விழும்போது எழும் வாசனை தெரிந்தவர்களுக்குப் பாதி புரியும்.

கோழி வந்துவிட்டது என்றால் கவனியுங்கள். அது அந்த வீட்டில் அன்றாடம் வெட்டும் சாமான் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் விற்கிற கையிருப்பு அது. இரைப்பையை விருந்தாளி ஆணுக்கோ வீட்டுத் தலைவருக்கோ தனியாக எடுத்து வைப்பார்கள். பழைய புகாண்டா வழக்கத்தில் பெண்கள் கோழியும் முட்டையும் சாப்பிடுவதில்லை. இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்ட விலக்கு. ஆனால் வயதான பாட்டி ஒருவர் கோழியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அதற்காக அவரை இரக்கத்தோடு பார்த்து உங்கள் துண்டை நீட்டாதீர்கள். பாட்டில் சோடாவும் உங்களுக்கு மட்டும் வரும். குழந்தைகள் கதவோரம் நின்று பார்ப்பார்கள். இந்த இடத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் உடைந்துபோகிறார்கள். ‘இவர்களிடம் இல்லாததை நான் தின்கிறேனே’ என்று தட்டைத் தள்ளிவைப்பார்கள்.

தள்ளக் கூடாது. தள்ளினால் கோழியின் விலை மிச்சமாகாது; அது ஏற்கெனவே வெந்துவிட்டது. போவது அவர்கள் கொடுக்கத் தகுந்தவர்கள் என்ற மரியாதை மட்டும்தான். கொஞ்சமாகப் போடச் சொல்லி, முழுவதையும் உண்டு, போதுமென்றால் ‘ன்ஸிகுஸெ’, வயிறு நிறைந்தது, என்று சொல்லுங்கள். உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் தடவை சொன்னால் விடுவார்கள். முடிந்ததும் சமைத்தவரைத் தேடிப்போய் ‘வெபாலே கூஃபும்பா’, சமைத்ததற்கு நன்றி. சமையலுக்கென்றே தனி நன்றி வைத்திருக்கும் மொழி அது. நம் வீடுகளில் சாப்பிட்டு எழுந்து அப்படிச் சொல்கிற ஆண்களை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கை விரலுக்குள்தான் இருக்கிறது.

சரி, அந்தச் செலவை எப்படி ஈடுகட்டுவது? அங்குள்ளவர்களே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வெறுங்கையோடு போவதில்லை. சர்க்கரை, சோப்பு, உப்பு, ரொட்டி இவற்றில் ஏதாவது ஒரு பையில் இருக்கும். அதே அளவில், அதே விதத்தில் நீங்களும் கொண்டுபோகலாம். உள்ளூர்க் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். வீட்டுப் பெண்ணிடம் சத்தமில்லாமல் கொடுத்தால் வாங்கி உள்ளே வைத்துவிடுவார். சாப்பிட்டு முடித்து மேசையில் பணத்தாள் வைப்பது வேறு விஷயம். அது விருந்தை ஓட்டல் ஆக்கிவிடும். பெரிய உதவி செய்ய நினைத்தால் பங்குத்தந்தையிடமோ பங்குப் பேரவையிடமோ கேட்டு, அவர்கள் வழியாக, உங்கள் பெயர் வராமல் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை இதே உபசாரம் கோயிலுக்குள் நடக்கும். திருப்பலி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. முரசு, பாட்டு, நீண்ட அறிவிப்பு. விருந்தாளிகளை எழுந்து நிற்கச் சொல்வார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். இரண்டு வார்த்தையே பேசுங்கள். காணிக்கைப் பவனியில் உறையில் வைத்த பணத்தோடு வாழைத்தார், முட்டை, கரும்பு, பலாப்பழம், கால் கட்டிய கோழி, சில நாள் ஆடுகூட பீடத்துக்கு வரும். பூசை முடிந்ததும் முற்றத்தில் இவற்றை ஏலம் விடுவார்கள். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்பதுதான் அங்கே நாகரிகம், பணம் கோயிலுக்குப் போகிறதே. நீங்களும் கேட்கலாம். ஒரு பலாப்பழத்துக்குச் சொந்தக்காரராகி, அதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதைவிட இலகுவான ஈகை எனக்குத் தெரிந்து கிடையாது. யாருக்கும் கூச்சமில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள், கோயிலுக்கும் வருமானம். வாரநாளில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிக்கும் சிறு கிறிஸ்தவச் சமூகங்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970களில் தூக்கிப்பிடித்த முறை. நம் பங்குகளின் அன்பியம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தங்கும் இரண்டு வாரத்தில் ஒரு அன்பியத்தோடு இரண்டு தடவையாவது உட்காருங்கள். நாளுக்கொரு கோயில் பார்ப்பதைவிட அது மேல்.

இத்தனை உபசாரத்தையும் வாங்கிக்கொண்டு பதிலுக்கு என்ன செய்துவிட்டோம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்சிகோ ஏழைகளுக்கு உதவக் கிளம்பும் அமெரிக்க மாணவர்கள் மத்தியில் இவான் இல்லிச் பேசினார். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர், அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலை ஏறுங்கள், ஆனால் உதவுகிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பது அந்த உரையின் சாரம். மொழி தெரியாதவர், வேலை தெரியாதவர், தன் வாழ்க்கை முறையைத்தான் கொண்டுவந்து திணிப்பார் என்றார். கடுமையான பேச்சு. முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு முடியவில்லை; பல் மருத்துவர் போனால் பல் வலி தீரத்தான் செய்கிறது. ஆனால் அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறவர் தங்குகிற வீட்டில் தொந்தரவாக இருக்க மாட்டார். உள்ளூர் மேஸ்திரி இரண்டு நாளில் எழுப்பும் சுவரை, பயணச்செலவைக் கொட்டி வந்த பன்னிரண்டு பேர் பத்து நாளில் கோணலாக எழுப்புவதற்கு உதவி என்று பெயர் வைக்கலாமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

உபசாரத்தை நம்மையறியாமல் புண்படுத்தும் காரியங்கள் மூன்று. ஒன்று, மிட்டாய். வண்டியிலிருந்து மிட்டாய் வீசினால் அடுத்த நாள் முதல் அந்தப் பிள்ளைகள் உங்களிடம் வருவதில்லை, கையிடம் வருகிறார்கள். அதைப் பார்த்து வெட்கப்படுவது அவர்கள் பெற்றோர். இரண்டு, படம். உங்களுக்கு முதல் நாற்காலி போட்டவரின் வீட்டுக் கிழிசலைப் படமெடுத்து நிதி திரட்டுவது, சோறு போட்ட கையைக் காட்டிக்கொடுப்பது போல. குழந்தைகளைப் படமெடுப்பதற்கும் அவர்களோடு தனியாக இருப்பதற்கும் இப்போது மறைமாவட்டங்களில் கட்டுப்பாடுகள் உண்டு. போய் இறங்கிய அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் பெரியது: வாக்கு. ‘அடுத்த வருஷம் வருகிறேன்’, ‘உங்கள் பையன் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று விருந்து சாப்பிட்ட நெகிழ்ச்சியில் வாயில் வந்துவிடும். சொன்னவர் விமான நிலையத்திலேயே மறந்துவிடுவார். கேட்டவர் மறக்க மாட்டார்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. மலேரியா உள்ள நாடு. மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரையோடு போங்கள். கொதிக்கவைத்த தண்ணீர், சூடான உணவு, தோல் உரிக்கும் பழம், இவை போதும்; ஆவியில் வெந்த மடோக்கே எந்த ஓட்டல் சாலடையும்விடப் பாதுகாப்பு. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அங்கிருந்து இந்தியா திரும்பவும் அதே சான்று வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

பயணத்தை ஜூன் 3ஐ ஒட்டி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. 1886இல் அந்த நாளில்தான், முன்பு சொன்ன 22 பேரில் சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் நமுகோங்கோவில் எரிக்கப்பட்டார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் அந்த 22 பேரையும் புனிதர்களாக அறிவித்தார். நாட்டுக்கே விடுமுறை. உகாண்டாவின் மூலைமுடுக்கிலிருந்தும் கென்யா, தன்சானியா, ருவாண்டாவிலிருந்தும் ஜனங்கள் நாள் கணக்கில் அங்கே நடந்து வருவார்கள். வழியில் உள்ள பங்குகள் படுக்க இடமும் கஞ்சியும் தண்ணீரும் கொடுக்கும். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்தவர்களுக்கு அந்த வழிப்பந்தலின் அருமை தெரியும். கூடவே இரண்டு நாள் நடந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் வெளிநாட்டுக் குழு அல்ல. கால் வலிக்கிற இன்னொரு யாத்ரீகர், அவ்வளவுதான். கஞ்சி வரிசையில் உங்கள் முறை வரும்போது வரும்.

புறப்படும்போது வாசலில் கைகூப்பிவிட்டு வந்துவிட முடியாது. ‘ஓகுவெரெகெரா’ என்பது விருந்தாளியைக் கொஞ்ச தூரம் கூட நடந்து வழியனுப்புவது. வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், நாற்காலி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் வாழைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் உங்களோடு வருவார்கள். வீட்டுக்குள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இந்த நடையில்தான் வெளியே வரும்: மகளின் நோய், நிலத் தகராறு, யாருக்காகச் செபிக்க வேண்டும் என்பது. வேகமாக நடக்காதீர்கள். எங்கே திரும்புவது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

அந்த இடத்தில் கையில் ஏதாவது திணிக்கப்படும். முட்டை, அவகாடோ, சில நேரம் கால் கட்டிய உயிர்க்கோழி. விமானத்தில் ஏற்ற முடியாது என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் காலடியில் அது கொஞ்ச நேரம் படபடத்துவிட்டு அடங்கும். மடத்துக்கு வந்ததும் சமையற்கட்டுச் சகோதரியிடம் கொடுத்தால், ‘யார் வீட்டுக் கோழி?’ என்று கேட்பார். வீட்டுப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு விருந்தாளி வருகிறார். அவரிடம் அதைச் சொல்லித்தான் பரிமாறுவார்.